பேச்சுக்கார மோட்டார்

ஆமாக்கா, அவருக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுத்தேன். டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, தோள்ல வெள்ளத் துண்டு தெரியுதா? அவருதான். எங்க மாமனாரு, பேரு போத்தையா. பஸ்ல ஏறுனதும் அவரு முன்னால போயிட்டாரு, நான் பின்னால வந்துட்டேன். நாங்க ரெண்டு பேரும் பேசுறதில்ல.

அய்யோ, அப்படிப் பாக்காதீங்கக்கா. சண்டையெல்லாம் கிடையாது. பேசுறதில்ல, அம்புட்டுத்தான். ஒரே வீடு, ஒரே அடுப்பு. நான் சோறு வச்சா அவரு சாப்பிடுவாரு, அவரு காய் பறிச்சாந்தா நான் குழம்பு வைப்பேன். பேச்சு மட்டும் இல்ல. மதுரை வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன், கேளுங்க. நியாயம் யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

இவருக்கு ஒரு கதை இருக்குக்கா. இளவட்டமா இருந்தப்ப எங்க தோட்டத்துக் கிணத்துல ஒரு கன்னுக்குட்டி விழுந்திருச்சாம். ஊரே சுத்தி நின்னு வேடிக்கை பாத்துச்சாம். இவரு ஒரே பாய்ச்சலாப் பாய்ஞ்சு, முங்கி, கன்னுக்குட்டியத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தாராம். அதைக் கூட்டத்துல நின்னு பாத்த ஒருத்தர், "இந்தப் பயலுக்குத்தான் எம்பொண்ணு"ன்னு அந்த எடத்துலயே சொல்லிட்டாராம். அப்படித்தான் எங்க அத்தை இந்த வீட்டுக்கு வந்தாங்களாம். அத்தை இப்ப இல்ல, நான் வாக்கப்பட்டு வந்த மறுவருசமே தவறிட்டாங்க. அதுக்கப்புறம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் இவரு இந்தக் கதையச் சொல்லுவாரு. "அறுபது அடிக் கிணறு. அறுபது அடி!" அப்படின்னு கைய விரிச்சுக் காட்டுவாரு.

எங்க நாத்தனா மகளுக்குக் காதுகுத்து. பந்தி முடிஞ்சு எல்லாரும் வெத்தலையப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. இவரு ஆரம்பிச்சாரு. கன்னுக்குட்டி விழுந்தாச்சு, ஊரு கூடியாச்சு, கைய விரிச்சாச்சு. "அறுபது அடி!" நான் பக்கத்துல நின்னேன். வாய் சும்மா இருக்கல. "மாமா, அது முப்பத்தெட்டு அடிதான மாமா. நான்தான மோட்டார் இறக்குறப்ப கயிறு விட்டு அளந்தேன்"னு சொல்லிட்டேன்.

சொன்னது தப்பாக்கா? அளந்தேன்ல? அளந்ததச் சொன்னேன். கூட்டம் பூராச் சிரிச்சிருச்சு. "அப்ப கன்னுக்குட்டியும் ஆட்டுக்குட்டிதானாய்யா"ன்னு ஒரு சம்பந்தி வேற கேட்டுட்டாரு. இவரு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சவருதான். அன்னையிலிருந்து பேச்சில்ல. அவரா வந்து பேசுனா நான் பேச மாட்டேனா? நானா எதுக்குப் போயிப் பேசணும்? அளவு சரியாத்தான இருந்துச்சு!

எங்க வீட்டுக்காரரு கப்பல்ல இருக்காரு, மெஷின் ரூம்ல. ஆறு மாசம் கடல்ல, மூணு மாசம் வீட்டுல. அப்ப கடல்ல இருந்தாரு. நாங்க பேச்ச விட்டதும் அந்த மனுசன் பாடு திண்டாட்டமாப் போச்சு. காலையில இட்லியா தோசையான்னு கேக்கணும்னா நான் கப்பலுக்கு மெசேஜ் போடுவேன். அவரு நடுக்கடல்ல டூட்டி முடிச்சு வந்து, அதைப் பாத்து, அவங்கப்பாவுக்குப் போடுவாரு. அவங்கப்பா "எதுவா இருந்தாலும் சரி"ன்னு கப்பலுக்குச் சொல்லுவாரு. அது எனக்கு வந்து சேர்றப்ப மாவு புளிச்சுப் பொங்கி வழிஞ்சிருக்கும். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எட்டடிச் செவரு, பேச்சு சிங்கப்பூரச் சுத்திட்டு வருது. "ஏ ஜோதி, நான் இங்க இஞ்சினப் பாக்கவா, உங்க தோசையப் பாக்கவா"ன்னு அவரு ஒருநாள் கத்திட்டாரு. நாகஜோதிங்கிற என் பேர அவரு ஜோதின்னு கூப்பிட்டாக் குளிரும், ஏ ஜோதின்னு கூப்பிட்டாச் சுடும்.

இப்பத்தான் நான் விஷயத்துக்கே வர்றேன்.

எனக்கு வேலை மதுரையில ஒரு சின்னக் கம்பெனியில. தோட்டத்து மோட்டாரப் போனுலயே போடுறதுக்கும் நிறுத்துறதுக்கும் போர்டு செய்யுறாங்க. போர்டுன்னா இம்புட்டுத்தான், உங்க கட்டைவிரல் அகலம்கூட இருக்காது. வாரத்துல ஒருநாள் ஆபீஸ் போவேன், மத்த நாள் வீட்டுலயிருந்துதான் வேலை. அந்தக் குட்டி போர்டுக்குள்ள பெரிய மொழியெல்லாம் ஏறாது. லுவான்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி இருக்கு, அதுதான் ஏறும். ரொம்பச் சின்ன மொழிக்கா. நாலு நாள் உக்காந்தா மொத்த இலக்கணத்தையும் படிச்சிரலாம். லுவான்னா போர்ச்சுக்கல்காரங்க பாஷையில நிலாவாம். எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. தேவையில்லாத ஒண்ணுமே அதுல கிடையாது. நம்மதான் எல்லாத்தையும் செஞ்சுக்கணும்.

எங்க முதலாளி தாமோதரன் சாரு ஒருநாள் சொன்னாரு, "விவசாயிங்களுக்கு இந்தப் பட்டன் கிட்டன் எல்லாம் பிடிபட மாட்டேங்குதும்மா. ஆளுகிட்டச் சொல்ற மாதிரி மோட்டார்கிட்டச் சொல்லணும், அதுவும் ஆளு மாதிரி பதில் சொல்லணும். பண்ண முடியுமா?" அப்படின்னாரு. நான் யோசிக்கவே இல்ல, முடியும்னுட்டேன்.

அது ஒண்ணும் மாயம் இல்லக்கா. ஒரு பக்கம் வார்த்தைய எழுதி வைக்கிறது, எதுத்த பக்கம் அதுக்குப் பதில எழுதி வைக்கிறது. வர்ற செய்தியில அந்த வார்த்தை இருந்தா இந்தப் பதில். தமிழ்ல சொல்லோட வாலு மாறிக்கிட்டே இருக்கும்ல, ரசம்பாங்க, ரசத்துலம்பாங்க, ரசத்துக்கும்பாங்க. அதனால தலைய மட்டும் குடுத்துத் தேடச் சொல்லணும். ஒண்ணுமே பொருந்தலையா, அவங்க சொன்னதையே திருப்பிக் கேட்டுட்டு "மேல சொல்லுங்க"ன்னு சொல்லணும். "வெயில் ஜாஸ்தி"ன்னா, "வெயில் ஜாஸ்தின்னா சொல்றீங்க? மேல சொல்லுங்க." அம்புட்டுத்தான். பேசுற ஆளு, ஆகா நம்ம பேச்சக் கவனிக்குதேன்னு நினைச்சுக்குவாரு.

எழுதியாச்சு. இனி நிசமான விவசாயி ஒருத்தரு பேசிப் பாக்கணும். சாரு, "உங்க மாமனாரே விவசாயிதானம்மா"ன்னாரு. நான் எப்படிக் கேக்குறது? கப்பலுக்குச் சொன்னேன். கப்பல் கேட்டுச்சு. "கம்பெனிக்காகச் செய்யுறேன்"னு பதில் வந்துச்சு. கவனிச்சீங்களா, கம்பெனிக்காக!

ஒரு விஷயம் சொல்லிர்றேன். அவரு அனுப்புறது முதல்ல எங்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கயிருந்து தோட்டத்துல இருக்குற போர்டுக்குப் போகும், சரியா வேலை செய்யுதான்னு பாக்குறதுக்காக எனக்கும் ஒரு நகல் வரும். மோட்டார் சொல்ற பதிலும் எனக்கு வரும். இது அவருக்குத் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவரு மோட்டார்கிட்டப் பேசுறதா நினைச்சுக்கிட்டு இருக்காரு, பாவம்.

முதல் நாளு "மோட்டார் போடு"ன்னு அனுப்புனாரு. "சரிங்க. போட்டாச்சு"ன்னு வந்துச்சு. தண்ணி பாய்ஞ்சிருச்சு. நல்லது, அதோட விட வேண்டியதுதான? அடுத்த செய்தி, "சாப்டியா?"

மோட்டாரப் பாத்துச் சாப்டியாங்குறாருக்கா! அதுக்கு நான் வரியே எழுதல. "சாப்டியான்னா சொல்றீங்க? மேல சொல்லுங்க"ன்னு அது கேட்டுச்சு. "நான் கம்மங்கஞ்சி குடிச்சேன். மோர் மிளகாய் கடிச்சுக்கிட்டேன்"னு இவரு சொல்றாரு. நான் இங்க வீட்டுல லேப்டாப் முன்னால உக்காந்து சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அன்னைக்கே ஒரு வரி சேத்தேன். சாப்பாடப் பத்திக் கேட்டா, "கரண்டுதாங்க நமக்குச் சாப்பாடு. மும்முனை வந்தா விருந்து." மறுநாளு மறுபடி கேட்டாரு, சாப்டியான்னு. பதிலப் படிச்சாரு. அப்புறம், "உன் பாடு என் பாடுதான்"னு அனுப்புனாரு. அந்த வாரம் பூரா எங்க பக்கம் கரண்டு சரியில்ல.

தப்பும் நடந்துச்சு, இல்லேங்கல. "என்"னு வந்தா "உங்க"ன்னு மாத்தச் சொல்லியிருந்தேன், திருப்பிக் கேக்குறப்ப மரியாதையா இருக்கணுமேன்னு. "என் தோட்டம்"னா "உங்க தோட்டம்". ஆனா "என்ன"வுக்குள்ளயும் "என்" இருக்கே! அத நான் யோசிக்கல. இவரு "என்ன பண்ணுற"ன்னு கேட்டாரு. அது "உங்கன பண்ணுறன்னா சொல்றீங்க"ன்னு கேட்டுச்சு. ரெண்டு நாள் உங்கன, உங்கனன்னு பேசுச்சு. இவரு கப்பலுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? "மோட்டார் கோயமுத்தூர்ல செஞ்சதுல்லப்பா, அந்தப் பக்கத்துப் பேச்சுப் பேசுது. போகப் போகப் பழகிரும்"னாராம்.

இன்னொண்ணு அதவிட மோசம். தண்ணிங்கிற வார்த்தையும் "போ"ங்கிற எழுத்தும் ஒரே செய்தியில வந்தா மோட்டாரப் போடணும்னு எழுதியிருந்தேன். சரிதான? தண்ணி போடு, தண்ணியப் போட்டு விடு, எப்படிச் சொன்னாலும் புரியணும்ல. ஒருநாள் நான் குளிச்சுக்கிட்டு இருக்கேன், இவரு மோட்டார்கிட்ட ஊர்க்கதை பேசிக்கிட்டு இருக்காரு. "மேலத்தோட்டத்துக்காரன் நேத்து தண்ணியப் போட்டுட்டு வந்து வரப்புல நின்னு கத்துறான்"னு அனுப்பியிருக்காரு. "சரிங்க. போட்டாச்சு"ன்னு இது மோட்டாரப் போட்டுருச்சு! இவரு தோட்டத்துலயும் இல்ல, டீக்கடையில இருக்காரு. கத்தரிப் பாத்தி பூராக் குளமாகிப் போச்சு. போயிப் பாத்துட்டு அனுப்புறாரு, "நான் உன்னையா போடச் சொன்னேன்? அவன் போட்டதச் சொன்னேன்." அதுக்கு அது பொறுமையா, "அவன் போட்டதச் சொன்னேன்னா சொல்றீங்க? மேல சொல்லுங்க."

வேற ஆளா இருந்தா போர்டப் பிடுங்கி எறிஞ்சிருப்பாங்க. இவரு, "விடு, புதுசுதான நீ"ன்னு அனுப்புனாரு. எங்கிட்ட என்னைக்காச்சும் அப்படிச் சொல்லியிருக்காரா? அளவு சொன்ன ஒரு வார்த்தைக்குப் பேச்ச விட்டாரு. மோட்டார்னா மன்னிச்சிர்றாரு.

அப்புறம் ஆரம்பிச்சுதுக்கா என்னையப் பத்தி. "என் மருமக வச்ச ரசத்துல உப்பே இல்ல"ன்னாரு. "உங்க மருமக வச்ச ரசத்துல உப்பே இல்லன்னா சொல்றீங்க? மேல சொல்லுங்க"ங்குது இது. நான் எழுதுன புரோக்ராம், நான் வச்ச ரசத்தையே போட்டுக் குடுக்குது! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். உடனே உக்காந்து வரி சேத்தேன். ரசம்னு யாரு பேசுனாலும், "ரசம் வைக்கிறவங்க கஷ்டம் குடிக்கிறவங்களுக்குத் தெரியாதுங்க." மறுநாளு அந்தப் பதில வாங்கிக்கிட்டு, "அதுவும் சரிதான்"னாரு. ஆனா பாருங்க, அரசாங்கத்துக்குள்ளயும் ரசத்தோட தலை இருக்கு. இவரு அரசாங்கத்தத் திட்டுனப்பல்லாம் மோட்டார் ரசத்துக்காகப் பரிஞ்சு பேசிக்கிட்டு இருந்துச்சு. அத நான் சரி பண்ணவே இல்ல. இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

அதோட இன்னொரு வரியும் சேத்தேன். சும்மா வெளாட்டுக்குத்தான். ஜோதின்னு பேரு வந்தா, "ஜோதி நல்ல பிள்ளைங்க"ன்னு சொல்லணும். இவரு வாயில அந்தப் பேரு வர்றதேயில்ல, மருமக மருமகன்னுதான் சொல்லுவாரு. அதனால அந்த வரி பாட்டுக்குச் சும்மா கிடந்துச்சு.

ஒருநாள் கிணத்துக் கதையச் சொல்ல ஆரம்பிச்சாரு. மோட்டாருக்குத்தான் கதை தெரியாதே. நிறுத்தி நிதானமா, ஒத்த விரலால தட்டித் தட்டிச் சொல்றாரு. கன்னுக்குட்டி கத்துனது, அத்தை கூட்டத்துல பச்சைத் தாவணி கட்டி நின்னது, மேல வந்ததும் இவரு முதல்ல யாரப் பாத்தாருங்கிறது... இதெல்லாம் நான் கேட்டதே இல்லக்கா. விசேஷ வீட்டுல சொல்றப்ப இதெல்லாம் சொல்ல மாட்டாரு, அடிக்கணக்கு மட்டுந்தான் சொல்லுவாரு. கடைசியில, "கிணறு அம்புட்டு ஆழம்"னு முடிச்சாரு. ஆழம்னு வந்தா என்ன சொல்லணும்னு நான் முன்னமே எழுதி வச்சிருந்தேன், மோட்டாருக்கு அது முக்கியமில்லையா? "கிணறு முப்பத்தெட்டு அடிங்க"ன்னு சொல்லிருச்சு.

அதுக்கப்புறம் செய்தியே வரல. மறுநாளும் வரல. அவரே நடந்து போயி கையால சுவிட்சப் போட்டுட்டு வர்றாரு, நான் மாடியிலயிருந்து பாக்குறேன். எனக்கு ஒரு வேலையும் ஓடல. ஏன்னா சோதனை நின்னு போச்சுல்ல, சாருக்கு நான் என்ன பதில் சொல்றது? அந்தக் கவலைதான், வேற ஒண்ணுமில்ல. போன எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசியில அந்த வரிய மாத்தினேன். அறுபதுன்னும் போடல, முப்பத்தெட்டுன்னும் போடல. "நல்ல ஆழமான கிணறுங்க"ன்னு போட்டேன். பொய் இல்லேல்ல? முப்பத்தெட்டும் ஆழந்தான். ஆனா அவரு கேட்டாத்தான அது சொல்லும்? அதனால, கரண்டு வந்தா அதுவாவே ஒரு தடவை பேசுற மாதிரி இன்னொரு வரி எழுதினேன். "மும்முனை வந்திருச்சுங்க. ஆளக் காணோமே?"

அரை மணி நேரங்கூட ஆகல. "கிணறு எம்புட்டு ஆழம் சொல்லு பாப்போம்"னு வந்துச்சு. "நல்ல ஆழமான கிணறுங்க." இவரு அனுப்புறாரு, "அப்ப அறுபது அடி இருந்துச்சு. அப்புறம் ரெண்டு மழையில கரை சரிஞ்சு தூந்து போச்சு. அந்தப் பிள்ளை அளந்தது இப்ப உள்ளத. அதுவும் பொய் சொல்லல."

பாத்தீங்களா, நான் பொய் சொல்லலன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. தூந்து போன கதை நிசமா இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம், எனக்கென்ன. நான் சொன்ன அளவு சரி. அன்னைக்குச் சாயங்காலம் எனக்கு ஏன்னே தெரியல, பணியாரம் சுடணும்னு தோணுச்சு. அவருக்குப் பணியாரம்னா உசிரு. தற்செயலா அமைஞ்சதுதான்.

இப்படித்தான் நிறையத் தற்செயலா நடந்துச்சு. மோட்டார்கிட்ட, "வாய் கசக்குது, புளிச்ச கீரை கடைஞ்சா நல்லாருக்கும்"பாரு. எனக்கும் அன்னைக்குக் கீரை கடையணும்னு தோணும். அவருக்கு ஆச்சரியமா இருந்திருக்கும். ஒருநாள், "உனக்கு மல்லியப்பூ பிடிக்குமா?"ன்னு மோட்டார்கிட்டக் கேட்டாரு. பிடிக்குமான்னு என்னத்தக் கேட்டாலும் "பிடிக்குங்க"ன்னு சொல்ல எழுதியிருந்தேன். மறுநாள் காலையில பாத்தா அடுக்களையில, மிக்சி பக்கத்துல, வாழை இலையில சுத்துன ரெண்டு முழம் மல்லியப்பூ! கிறுக்கு மனுசன்க்கா. மோட்டாருக்குப் பூ வாங்கிட்டு, தோட்டத்துக்கு எடுத்துட்டுப் போக மறந்து அடுக்களையில வச்சிட்டுப் போயிட்டாரு. வாடிப் போயிருமேன்னு நான் தலையில வச்சுக்கிட்டேன். அவரு பாத்தாரு, ஒண்ணும் கேக்கல. மறந்துட்டாரு போல.

சிரிக்காதீங்கக்கா. இனிமேத்தான் நான் பயந்த கதை.

வைகாசி வெயிலு. எனக்கு வீட்டுலயிருந்தே ஆபீஸ் வீடியோ மீட்டிங். போன சத்தமில்லாம கவுத்து வச்சிருந்தேன். மீட்டிங் முடிஞ்சு எடுத்துப் பாக்குறேன், வரிசையாக் கிடக்கு. நான் அப்படியே சொல்றேன், எனக்கு மனப்பாடம்.

"வரப்புல வழுக்கிருச்சு. கால் பிசகிருச்சு."

"வரப்புல வழுக்கிருச்சு. கால் பிசகிருச்சுன்னா சொல்றீங்க? மேல சொல்லுங்க."

"எந்திரிக்க முடியல."

"எந்திரிக்க முடியலன்னா சொல்றீங்க? மேல சொல்லுங்க."

"பக்கத்துல ஒருத்தனையும் காணோம். தாகமா இருக்கு."

"பக்கத்துல ஒருத்தனையும் காணோம். தாகமா இருக்குன்னா சொல்றீங்க? மேல சொல்லுங்க."

என் புரோக்ராமுக்கா. நான் ஒவ்வொரு வரியா உக்காந்து ரசிச்சு எழுதுனது. அந்த மனுசன் வெயில்ல விழுந்து கிடக்காரு, அது மேல சொல்லுங்க, மேல சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டு நிக்குது. எனக்கு அந்த எடத்துலயே அந்தப் போர்டத் தூக்கிக் கிணத்துல போடணும்னு வந்துச்சு. ஏன், அவரு கையில போன் இருக்கு, அதுல என் நம்பர் இருக்கு, ஒரு அடி அடிக்கக் கூடாதா? அடிக்க மாட்டாரு. பேச்சில்லேல்ல! அம்புட்டு வீம்பு. இந்த மாதிரி ஒரு வீம்ப நான் எங்கயும் பாத்ததில்ல.

அதுக்கடுத்த செய்தி, "ஜோதிக்குச் சொல்லு."

"ஜோதி நல்ல பிள்ளைங்க."

"நல்ல பிள்ளதான். வரச் சொல்லு."

வண்டிச் சாவி எடுத்தது தெரியும். தோட்டத்துக்குப் போனது தெரியாது. வாசக் கதவு திறந்தே கிடந்துச்சாம், அடுத்த வீட்டம்மா சொன்னாங்க. போயிப் பாத்தா வேப்ப மர நிழலுக்குத் தவழ்ந்தே வந்து சாஞ்சு உக்காந்திருக்காரு. கணுக்கால் பரங்கிக்காயா வீங்கியிருக்கு. என்னயப் பாத்தாரு, நான் அவரப் பாத்தேன். தண்ணி பாட்டிலக் குடுத்தேன், குடிச்சாரு. தூக்கி வண்டியில உக்கார வச்சேன். "மாமா, கெட்டியாப் பிடிச்சுக்கோங்க"ன்னேன். அது பேச்சுல சேராதுக்கா, எச்சரிக்கை. அவரு என் தோளப் பிடிச்சுக்கிட்டாரு. குலுங்குற எடத்துல எல்லாம் "பைய, பைய"ன்னாரு. அதுவும் எங்கிட்டச் சொன்னதுன்னு சொல்ல முடியாது. வண்டிகிட்டச் சொல்லியிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில டாக்டரு கேள்வி கேக்குறாரு, இவரு மேல ஓடுற ஃபேனப் பாக்குறாரு, நான் பதில் சொல்றேன். "பெரியவரு பேச மாட்டாரா?"ன்னு கேட்டாரு. "பேசுவாரு டாக்டர், மோட்டார்கிட்ட"ன்னேன். நர்சம்மா என்னய ஒரு மாதிரி பாத்தாங்க. நல்லவேளை, எலும்பு முறியல. சவ்வுதான் பிசகியிருக்கு, கட்டுப் போட்டு ஓய்வா இருக்கச் சொன்னாங்க.

"நல்ல பிள்ளதான்"னது வலியில சொன்னது. வலியில சொல்றதையெல்லாம் கணக்குல எடுக்கக் கூடாது. நான் எடுக்கல. அந்தச் செய்திய அழிக்காம வச்சிருக்கேன், அது வேற. பதிவுக்கு வேணும்ல.

அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா, வலி, விழுந்து, முடியல, தாகம், மயக்கம்னு எந்த வார்த்தை வந்தாலும், பேச்ச நிறுத்திட்டு வீட்டுல உள்ளவங்க போனுக்கு மணி அடிக்கணும்னு எழுதினேன். தாமோதரன் சாரு அதைக் கேட்டுட்டு, "இதாம்மா விஷயம்! மோட்டாரத்தான் எல்லாரும் போடுறாங்க, ஆளக் கவனிக்கிறது நம்ம போர்டு மட்டுந்தான்"னு சந்தோசத்துல குதிச்சாரு. இன்னைக்கு ஆபீஸ்ல கூட்டம், மோட்டார் கடைக்காரங்க நிறையப் பேரு வர்றாங்க. "மாமனாரையே கூட்டிட்டு வாங்க, அவரு வாயால சொல்லட்டும்"னாரு.

இவரு கால்கட்டோட முன்கட்டுக் கட்டில்ல கிடந்த அத்தனை நாளும் மோட்டார்கிட்டப் பேச்சு நிக்கவேயில்ல. தோட்டத்துக்கு நான்தான் தண்ணி பாய்ச்சினேன், இவரு கட்டில்ல இருந்தே, "வெண்டி காயுதுன்னு நினைக்கிறேன்"னு மோட்டாருக்கு அனுப்புவாரு, நான் போயிப் பாப்பேன், காஞ்சிருக்கும். மதுரை விஷயத்தையும் மோட்டாரையே கேக்க வச்சேன். "மதுரையில கூட்டமுங்க. வர்றீங்களா?" இவரு, "உனக்காக வர்றேன்"னாரு. மோட்டாருக்காக! எனக்காக இல்ல, பாத்துக்கோங்க.

அந்த நல்ல சட்டை கூட மோட்டாருக்காகத்தான் போட்டுருக்காரு.

என்னக்கா? போர்டா? இந்தா, என் கைப்பையிலதான் இருக்கு, கூட்டத்துல காட்டணும்ல. காலையில ரெண்டு பேருமாத் தோட்டத்துக்குப் போயிக் கழட்டுனோம். நான் ஒயரப் பிடிச்சுக்கிட்டேன், அவருதான் ஸ்க்ரூவக் கழட்டி, துண்டால துடைச்சு, என் கையில குடுத்தாரு. பாருங்க, எம்புட்டுச் சின்னதுன்னு.

இருங்க, போன் அடிக்குது. அவருதான். மோட்டாருக்கு மெசேஜ்.

"பக்கத்து சீட்டு காலியாயிருச்சு."

மோட்டாருக்கு எதுக்குக்கா சீட்டு?

இல்ல, இருங்க. போர்டு எங்கிட்ட இருக்கு. கரண்டு இல்ல, ஒயரு இல்ல, செத்துக் கிடக்கு. அது அவருக்கும் தெரியும், அவரு கையாலதான கழட்டுனாரு. அப்ப யாருக்கு...

நீங்க ஏன்க்கா இப்படிச் சிரிக்கிறீங்க?

இந்தா, திரும்பிப் பாக்குறாரு பாருங்க. பாத்துட்டுத் துண்டெடுத்து அந்த சீட்டத் தட்டி விடுறாரு.

அக்கா, கொஞ்சம் கால ஒதுக்குங்க, நான் முன்னால போறேன். வேற ஒண்ணுமில்ல, அவரு இருக்குற பக்கம் வெயில் அடிக்குது, அந்தக் கண்ணாடிய இழுத்து மூட அவருக்கு வராது. மாமா! மாமோய்! இருங்க, வர்றேன்!